புதியவளுக்கு ஒரு பாடம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கவிதைக்காகக் கூடும் அவையில் ஓவியத்தைப் பற்றிப் பேசலாமா என்று விழாக்குழுவினரிடம் கேட்டபோது, தாராளமாகப் பேசலாம் என்று இசைந்தார்கள். அவர்களுக்கு என் நன்றி. நான் எடுத்துக்கொண்டது ஒரே ஓர் ஓவியம். பிரெஞ்சு ஓவியர் ஹென்றி துலூஸ் லாத்ரெக் 1890ஆம் ஆண்டில் தீட்டிய 'மூலான் ரூஜில் நடனம்' என்பது அது. ஏறத்தாழ 116 சென்டிமீட்டர் உயரமும் 150 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட எண்ணெய் வண்ண ஓவியம். இன்று அமெரிக்காவின் பிலடெல்பியா கலைக்கூடத்தில் இருக்கிறது. இந்த ஓவியம் நம் வட்டத்தைப் போன்ற ஓர் அமைப்பை நோக்கி ஒரு கேள்வி கேட்கிறது என்பது என் எண்ணம். அக்கேள்வியை இந்த அவைமுன் வைப்பதே என் நோக்கம்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். பாரீஸ் நகரின் வடக்கே உள்ள குன்று மொன்மார்த்ர். 1860ஆம் ஆண்டில்தான் அது நகரத்தோடு இணைக்கப்பட்டது. அதற்கு முன் அது நகரத்தின் சுங்கச் சுவருக்கு வெளியே இருந்த சிற்றூர். நகருக்குள் நுழையும் மதுவுக்கு வரி உண்டு. சுவருக்கு வெளியே விற்கும் மதுவுக்கு அந்த வரி இல்லை. ஆகவே உழைக்கும் மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரைத் தாண்டி வந்தார்கள். குடித்தார்கள், பாடினார்கள், ஆடினார்கள். குன்றின்மேல் மாவு அரைக்கும் காற்றாலைகள் இருந்தன. அவற்றுள் ஒன்றில் ஆலைக்காரக் குடும்பத்தார் தட்டையான அப்பமும் மதுவும் விற்கத் தொடங்கி, பிறகு அதை ஆடுமிடமாகவே மாற்றினார்கள். அந்த அப்பத்தின் பெயராலேயே 'மூலான் த லா கலெத்' என்று அது வழங்கிற்று.

அந்த இடத்தை 1876இல் ரெனுவார் வரைந்தார். உங்களில் பலர் அச்சுப் படியிலேனும் அதைப் பார்த்திருப்பீர்கள். மரங்களின் இலைகளுக்கிடையே வழிந்து வரும் வெயில், ஆடுவோரின் தோள்களிலும் முதுகுகளிலும் பொட்டுப் பொட்டாக விழுந்திருக்கும். தையல் வேலை செய்யும் பெண்களும் அவர்களுடைய நண்பர்களும் இணை இணையாக ஆடுகிறார்கள். ஆடிக் களைத்தவர்கள் மேசையில் அமர்ந்து பேசுகிறார்கள். அமர்ந்திருப்பவர்கள் அடுத்த பாட்டுக்கு எழுந்து ஆடப் போகிறவர்கள்தாம். அங்கே ஆடுவோர் என்றும் காண்போர் என்றும் இரண்டு சாதி கிடையாது.

பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1889ஆம் ஆண்டு. ஐஃபல் கோபுரம் எழுந்த ஆண்டு. உலகக் கண்காட்சிக்காகப் பன்னாட்டு மக்கள் பாரீசில் குவிந்த ஆண்டு. அக்டோபர் 6ஆம் நாள், சார்ல் சிட்லர், ஜோசப் ஒல்லே என்னும் இரு தொழில்முனைவர்கள் அதே குன்றின் அடிவாரத்தில் 'மூலான் ரூஜ்' என்னும் நடன அரங்கைத் திறந்தார்கள். 'சிவப்புக் காற்றாலை' என்பது அதன் பொருள். பெயருக்கேற்ப முகப்பின்மேல் ஒரு சிவப்புக் காற்றாலையையும் வைத்தார்கள். ஆனால் அந்த ஆலை ஒருநாளும் ஒரு பிடி மாவு அரைத்ததில்லை. அது அலங்காரம். தோட்டத்தில் சுதையாலான மாபெரும் யானை ஒன்றையும் நிறுத்தினார்கள். உழைப்பாளர்களின் ஞாயிற்றுக்கிழமைக் களிப்பு, நுழைவுக் கட்டணம் செலுத்தி வரும் செல்வர்களுக்கான கேளிக்கையாக மாறிய இடம் அது.

அங்கே ஆடப்பட்ட ஆட்டமும் அப்படி மாறியதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரீசின் எளிய மக்களின் ஆடுகளங்களில் தோன்றியது 'கான்கான்'. 'ஷாயூ' என்றும் அதைச் சொல்வர். ஒழுங்கான நால்வர் ஆட்டத்தின் இறுதிப் பகுதியில் ஆடுவோர் தம் விருப்பம்போல் துள்ளிக் காலை வீசிய துடுக்கே அதன் தோற்றுவாய். தொடக்கத்தில் ஆணும் பெண்ணும் ஆடினர். காவலர்கள் அதைக் கண்காணித்தார்கள். மூலான் ரூஜில் அது கூலிக்கு ஆடப்படும் தொழிலாயிற்று. காலைத் தலைக்குமேல் உயர்த்துவதும், இரு கால்களையும் எதிரெதிரே நீட்டித் தரையில் வீழ்ந்து அமர்வதும் பல மாதப் பயிற்சி வேண்டுகின்ற வித்தைகள் ஆயின.

இப்போது ஓவியத்துக்கு வருவோம். அகன்ற மரத்தளம் நம் காலடியிலிருந்தே தொடங்குவதுபோல் விரிகிறது. அதன் நடுவே இருவர். உயரமான பட்டுத் தொப்பி அணிந்து, மூங்கில் கழிபோல் மெலிந்து, முழங்கால்களை மடித்து ஆடும் ஓர் ஆண். அவரெதிரே பாவாடையைத் தூக்கிப் பிடித்து, சிவந்த காலுறை தெரிய ஆடும் ஒரு பெண். அவர்களுக்கப்பால் கரிய மேலங்கியும் கரிய தொப்பியுமாக வேடிக்கை பார்க்கும் ஆண்களின் வரிசை, இடையிடையே பெண்கள். நமக்கு மிக அருகில், ஆடுவோரைவிடப் பெரிய உருவமாக, இளஞ்சிவப்பு ஆடை உடுத்திய பெண்ணொருத்தி பக்கவாட்டில் நிற்கிறாள்.

இந்த ஓவியத்தில் மேடை இல்லை. ஆடுவோரும் காண்போரும் ஒரே பலகைத் தளத்தின்மேல் நிற்கிறார்கள். ரெனுவாரின் தோட்டத்தில் எல்லோரும் ஆடினார்கள். பிற்காலக் கேளிக்கை அரங்குகளில் சிலர் மேடையில் ஆட மற்றவர்கள் இருளில் அமர்ந்து பார்த்தார்கள். லாத்ரெக்கின் ஓவியம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நொடியில் நிற்கிறது. கூட்டம் ஒதுங்கி வழிவிட்டு விட்டது. ஆனால் இன்னும் தரை பிரியவில்லை. நினைத்தால் அந்தக் கரிய தொப்பிக்காரர்களில் ஒருவர் இரண்டடி முன்வைத்து ஆட்டத்தில் சேர்ந்துவிடலாம். அவர் சேரப் போவதில்லை என்பதும் அவர் நிற்கும் நிலையிலேயே தெரிகிறது. ஒரு சமூகம் ஆடுவதை விட்டுப் பார்க்கத் தொடங்கிய தருணத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் வேறு ஓவியத்தை நான் கண்டதில்லை.

நெடுங்காலம் பலர் இதைக் கொண்டாட்டக் காட்சியாகவே கண்டார்கள். நடுவில் ஆடும் பெண் அக்காலத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரி லா கூலூ என்று எழுதியவர்களும் உண்டு. ஆனால் ஓவியத்தின் பின்புறத்தில் லாத்ரெக் தம் கையாலேயே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். எலும்பில்லாத வாலந்தென் புதியவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் காட்சி இது என்பது அக்குறிப்பின் கருத்து. அந்தப் பட்டுத் தொப்பிக்காரரே வாலந்தென். இயற்பெயர் ஷாக் ரெனொதென், 1843இல் பிறந்தவர். உடல் வளையும் விந்தையால் 'எலும்பில்லாதவர்' என்ற பட்டப்பெயர் பெற்றார். ஆட்டத்துக்கு அவர் கூலி வாங்கியதில்லை என்பர். இந்த ஓவியம் தீட்டப்படும்போது அவருக்கு வயது ஏறத்தாழ நாற்பத்தேழு.

அப்படியானால் நாம் காண்பது நிகழ்ச்சி அன்று, பாடம். ஆசான் ஆடிக் காட்டுகிறார். புதியவள் ஆடிக் கற்கிறாள். குறிப்பைப் படித்தபின் ஓவியத்தைத் திரும்பப் பார்த்தால் வாலந்தெனின் மடிந்த முழங்காலுக்கு வேறு பொருள் கிடைக்கிறது. அவர் பார்வையாளர்களுக்காக ஆடவில்லை. எதிரே நிற்பவளுக்காக ஆடுகிறார். கூட்டம் கேளிக்கைக்காக நிற்கலாம். ஆட்டம் நடக்கும் வட்டத்துக்குள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது.

இதைக் கேட்கும்போது உங்கள் நினைவுக்குச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை வந்திருக்கும். மாதவியின் ஆட்டத்தைச் சொல்வதற்கு முன் இளங்கோவடிகள் ஆடலாசிரியனின் தகுதியைச் சொல்கிறார். இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளைச் சொல்கிறார். அரங்கின் அளவுகளைச் சொல்கிறார். ஏழாண்டுப் பயிற்சிக்குப் பிறகே மாதவி அரசவை ஏறுகிறாள். ஆட்டத்தின் அழகைப் பாடிய கவிஞர்கள் பலர். ஆட்டத்துக்குப் பின்னுள்ள கல்வியைப் பாடியவர்கள் சிலரே. அந்தச் சிலருக்கு வேறு நிலத்தில், வேறு கலையில் ஓர் உறவினராகவே லாத்ரெக்கை நான் காண்கிறேன்.

ஒரு சிறிய செய்தியை இங்கே சொல்ல வேண்டும். இந்த ஓவியத்தின் பின்வரிசையில், மதுக்கூடப் பலகையின்மேல் சாய்ந்திருக்கும் வெண்தாடிக்காரர் அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸ் என்று சில குறிப்புகளில் எழுதியிருக்கிறார்கள். கவிஞர்களுக்கு மகிழ்ச்சியான செய்திதான். ஆயினும் யேட்ஸ் பிறந்தது 1865இல். ஓவியம் தீட்டப்பட்ட 1890இல் அவருக்கு இருபத்தைந்து வயது. தாடி வெளுக்கும் வயதன்று அது! ஒரு படத்துக்குள் புகழ்பெற்ற முகங்களைத் தேடும் ஆசை நம்மை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு இது நல்ல சான்று. இல்லாத கவிஞரைப் பின்வரிசையில் கண்டுபிடித்தவர்கள், நடுவில் ஆடும் பெண்ணைப் புதியவளாக இருக்க விடவில்லை. அவளுக்கும் ஒரு புகழ்பெற்ற பெயரைச் சூட்டினார்கள். ஓவியர் எழுதிய குறிப்பிலோ அவள் பெயர் இல்லை. அவள் புதியவர்களுள் ஒருத்தி, அவ்வளவே. அப்படிப்பட்ட ஒருத்தியைத்தான் அவர் தம் ஓவியத்தின் நடுவில் வைத்தார்.

லாத்ரெக்கின் வாழ்க்கையைப் பற்றிச் சில சொற்கள். 1864இல் தெற்குப் பிரான்சின் ஆல்பி நகரில் பழம்பெரும் பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையும் தாயும் நெருங்கிய உறவினர். 1878இல் இடத் தொடை எலும்பும் அடுத்த ஆண்டு வலத் தொடை எலும்பும் முறிந்தன. எலும்புகள் கூடினாலும் கால்கள் வளரவில்லை. வளர்ந்த மனிதரின் உடலும் சிறுவனின் கால்களுமாக அவர் வாழ்ந்தார். நடக்கக் கைத்தடி வேண்டியிருந்தது.

ஆடமுடியாதவர் ஆடுவோரை வரைந்தார் என்று உருக்கமாகச் சொல்லி முடித்துவிடுவது எளிது. பலர் அப்படியே எழுதியிருக்கிறார்கள். அந்த விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. அது அவருடைய உழைப்பை மறைக்கிறது. 1882இல் பாரீசுக்கு வந்து முதலில் பொன்னாவிடமும் பிறகு கோர்மோனிடமும் ஆண்டுக்கணக்கில் உருவம் வரையக் கற்றவர் அவர். வான்கோ அவருக்கு அங்கேதான் அறிமுகமானார். தேகாவின் ஓவியங்களிலிருந்து காட்சியைத் துணிந்து வெட்டும் முறையையும், ஜப்பானிய மர அச்சுப் படங்களிலிருந்து நிழலில்லாத தட்டை வண்ணத்தின் வலிமையையும் கற்றார். எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைன் கலந்து நீர்க்கச் செய்து, கோடு கோடாக இழுத்து, வண்ணம் உலர்ந்த சுண்ணக்கட்டிபோல் தோன்றுமாறு தீட்டினார். தம் உடற்குறையை ஓவியத்துக்குக் காரணமாக அவர் காட்டியதில்லை. நாமும் காட்ட வேண்டியதில்லை.

இரக்கம் வேண்டுமானால் அதைத் தேட வேண்டிய இடம் வேறு. அவர் தம்மீது இரக்கம் கொண்டு வரையவில்லை. ஆட்டக்காரிகள்மீது இரக்கம் கொண்டும் வரையவில்லை. அவர்களைத் தொழில் தெரிந்தவர்களாக வரைந்தார். அதே 1890ஆம் ஆண்டில் செரா என்னும் பெரிய ஓவியரின் 'ஷாயூ' என்ற ஓவியமும் மக்கள் பார்வைக்கு வந்தது. அதில் ஆட்டக்காரர்களின் உயர்ந்த கால்கள் அளவுகோல் வைத்து இழுத்த இணைகோடுகள்போல் வரிசையாக நிற்கும். மேல்நோக்கிய கோடுகள் மகிழ்ச்சி தரும் என்ற கொள்கையை மெய்ப்பிக்கத் தீட்டியது அது. கொள்கை வென்றது, ஆனால் அங்கே ஆடுவோர் எல்லோருக்கும் ஒரே முகம். லாத்ரெக்கிடம் கொள்கை இல்லை. வாலந்தெனின் முழங்கால் வாலந்தெனுக்கே உரியது. கவிதையில் கொள்கையோடு போராடும் நம்மவர்கள் இவ்விரு ஓவியங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

லா கூலூவின் கதையையும் சொல்லாமல் போவதற்கில்லை. இயற்பெயர் லூயிஸ் வெபர். 1866இல் பிறந்தவள், சலவைத் தொழில் செய்த குடும்பத்தவள். வாடிக்கையாளர்களின் மதுக் கோப்பைகளை எடுத்துக் குடித்துவிடுவாளாம்; அதனால் 'பெருந்தீனிக்காரி' என்று பொருள்படும் அப்பெயர். 1891இல் லாத்ரெக் அரங்குக்காக வரைந்த சுவரொட்டியின் நடுவில் அவளே ஆடுகிறாள். அந்த ஒரு சுவரொட்டியால் ஓவியரும் ஆட்டக்காரியும் நகரெங்கும் அறியப்பட்டார்கள். 1895இல் அவள் மூலான் ரூஜை விட்டு வெளியேறித் திருவிழாச் சந்தையில் தனிக் கொட்டகை போட்டாள். கொட்டகையின் முகப்புக்கு ஓவியம் வேண்டுமென்று லாத்ரெக்கைக் கேட்டாள். அவர் இரண்டு பெரிய திரைச்சீலைகளைத் தீட்டிக் கொடுத்தார். அவற்றுள் ஒன்றில், ஆட்டம் பார்க்கும் கூட்டத்தில், ஆஸ்கார் வைல்டின் உருவத்தை நமக்கு முதுகு காட்டி நிற்குமாறு வரைந்திருக்கிறார். இந்த எழுத்தாளர் மட்டும் உண்மையாகவே படத்தில் இருக்கிறார்!

கொட்டகை நிலைக்கவில்லை. பிறகு அவள் சிங்கங்களைப் பழக்கும் வித்தைக்காரி ஆனாள். அதுவும் நிலைக்கவில்லை. இறுதிக் காலத்தில், தான் ஆடி வளர்த்த அரங்கின் அருகிலேயே தெருவில் கடலையும் தீப்பெட்டியும் விற்றாள் என்பர். 1929இல் வறுமையில் இறந்தாள். அவளுடைய கொட்டகைத் திரைகள் வணிகர் கையில் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, பிறகு துண்டுகள் தேடிச் சேர்த்து ஒட்டப்பட்டு, இன்று பாரீசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1992இல்தான் அவளுடைய எச்சங்கள் மொன்மார்த்ர் இடுகாட்டுக்குக் கொண்டுவரப்பட்டன.

இதில் நான் ஊன்றிச் சொல்ல விரும்புவது ஒன்று. அவளை வைத்துப் புகழடைந்த ஓவியர், அவளுக்குத் தேவை வந்தபோது சந்தைக் கொட்டகைக்குப் பலகை எழுதுபவரைப்போல் உழைத்துக் கொடுத்தார். கலைக்கூடத்துக்கு என்று எண்ணி அதைத் தீட்டவில்லை. மழையும் புழுதியும் படும் முகப்புக்கென்று தீட்டினார். ஏழையைப் பற்றி எழுதுகிறோம், உழைப்பாளியைப் பற்றி எழுதுகிறோம், நூல் வெளிவருகிறது, பரிசும் வருகிறது. எழுதப்பட்டவருக்கு நாம் திருப்பிக் கொடுத்தது என்ன என்ற கேள்வியிலிருந்து நம்மில் யாரும் தப்ப முடியாது. லாத்ரெக்கின் விடை முழுமையானதன்று. ஆனால் அது விடை.

அவர் முடிவும் துயரமானது. மது அவரைத் தின்றது. 1899இல் குடும்பத்தார் அவரைப் பாரீசை அடுத்த நுயியில் ஒரு மருத்துவ விடுதியில் அடைத்து வைத்தார்கள். அங்கே அவர் சர்க்கஸ் காட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக வண்ணக்கோல்களால் வரைந்தார். முன்னே மாதிரி இல்லை, எல்லாம் நினைவிலிருந்து. தம் அறிவும் கையும் சிதையவில்லை என்று மருத்துவர்களுக்குக் காட்ட அந்த ஓவியங்கள் உதவின. அவர் வெளியே வந்தார். இரண்டே ஆண்டுகள். 1901 செப்டம்பர் 9ஆம் நாள் மறைந்தார். வயது முப்பத்தாறு. மேசையில் அமர்ந்து இரவிரவாக வேடிக்கை பார்த்ததாக ஊரார் எண்ணிய அத்தனை ஆண்டுகளும் அவர் நினைவில் சேமித்துக் கொண்டிருந்தார் என்பதற்கு அந்தச் சர்க்கஸ் ஓவியங்களே சான்று. பார்ப்பது சோம்பலன்று, பார்ப்பதும் பயிற்சிதான்.

அரங்கு என்னவாயிற்று? 1915இல் தீக்கிரையானது, பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. 2024 ஏப்ரலில் ஓரிரவு அதன் காற்றாலைச் சிறகுகள் முறிந்து விழுந்தன; அவ்வாண்டு ஜூலையிலேயே புதியவை பொருத்தப்பட்டன. இன்றும் அங்கே ஆட்டம் உண்டு, மேடை உண்டு, கட்டணம் உண்டு. ஆடுவோரும் காண்போரும் சேர்ந்து நின்ற அந்தப் பழைய மரத்தளம் மட்டும் ஓவியத்தில்தான் இருக்கிறது.

அன்பர்களே, நான் சொல்ல வந்த கேள்விக்கு வந்துவிட்டேன். ஓர் இலக்கிய வட்டம் தொடங்கும்போது அது ரெனுவாரின் தோட்டம். எல்லோரும் எழுதுவார்கள், எல்லோரும் கேட்பார்கள், இன்று படித்தவர் நாளை கேட்பவர். பத்தாண்டுகள் ஓடும்போது, ஒருவரும் திட்டமிடாமலே, கூட்டம் சற்று விலகி வட்டமாக நிற்கத் தொடங்குகிறது. நன்றாக எழுதுபவர்கள் நடுவில், மற்றவர்கள் ஓரத்தில். பிறகு ஒருநாள் மேடை வருகிறது, ஒலிபெருக்கி வருகிறது, முன்வரிசை நாற்காலிகளுக்குப் பெயர்ச்சீட்டு வருகிறது. இது ஒருவர் குற்றமன்று. எல்லாக் கலைக்கும் நேர்வது இது. திறம் வளர்ந்தால் இடைவெளியும் வளரும். ரெனுவாரின் தோட்டத்தில் யாரும் வாலந்தெனைப்போல் ஆடவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. மேடை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை.

நம் வட்டம் இன்று எந்த நிலையில் நிற்கிறது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். என் கணிப்பில் அது லாத்ரெக் வரைந்த நொடியில் நிற்கிறது. கூட்டம் விலகி நிற்கிறது. ஆனால் தரை இன்னும் ஒன்றாகவே இருக்கிறது. இந்நிலையில் மூத்தவர்கள் செய்யக்கூடியதை வாலந்தென் காட்டுகிறார். புகழ் முற்றிய வயதில், அரங்கு நிறையக் கூட்டம் பார்த்திருக்க, அவர் கூட்டத்தை நோக்கித் திரும்பவில்லை. பெயர் தெரியாத ஒருத்தியை நோக்கி நின்று, அவள் கால்வைக்கும் இடத்தைக் கவனித்து ஆடுகிறார். நம் மாதக் கூட்டங்களில் முதன்முதலாகக் கவிதை படிக்க எழும் இளைஞரின் கை நடுங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர் படித்து முடித்ததும் கைதட்டிவிட்டு அடுத்தவரை அழைக்கிறோம். கைதட்டல் ஓரத்தில் நிற்பவர்கள் செய்வது. அவருடைய மூன்றாம் அடியில் சீர் எங்கே தளர்ந்தது, எந்தச் சொல் அவருடையதன்று, எந்தச் சொல் அவருக்கே உரியது என்று அருகே அமர்ந்து சொல்வது ஆசானின் வேலை. அதற்கு நேரம் வேண்டும். சொந்தக் கவிதையைப் படிக்கக் கிடைக்கும் நேரத்தைச் சிறிது விட்டுக்கொடுக்கவும் வேண்டும்.

பதினோராம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் பாதி நேரத்தைப் புதியவர்களுக்கென்று ஒதுக்க வேண்டும். அவர்கள் படித்துப் போவதற்காக மட்டுமன்று, மூத்தவர் ஒருவரோடு அமர்ந்து தம் கவிதையைத் திருத்திக்கொள்வதற்காக. இந்த வேண்டுகோளை வட்டத்தின் செயற்குழு முன் வைக்கிறேன். அடுத்த பத்தாண்டில் வரும் மலரில் நம் பெயர்கள் பின்வரிசையில் இருந்தால் போதும். நடுப்பக்கத்தில் இன்று நமக்குப் பெயர் தெரியாதவர்கள் இருக்கட்டும்.